மன்னிப்பு வாங்கிய கை

மேலப்பத்து
14.6.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கொலுசு கறுத்துவிட்டது. முதலில் இடது கால் கொலுசுதான் அப்படி ஆனது. புளி போட்டுத் தேய்த்தேன், வெளுத்தது. மறுநாள் நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்து போய் வந்தேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன. தண்ணீர் அன்றைக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனாலும் சாய ஆலைக்காரர்கள் கழிவுக் குழாயைத் திறந்துவிட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உன் வழக்கு நடந்த நாட்களில் மூடி வைத்திருந்தார்கள். உனக்கு ஒன்றரை வருஷம் என்று தீர்ப்பு ஆன பிறகு திறந்திருக்கிறார்கள். இப்போது ஒளிவுமறைவு இல்லை. கறுப்பாகவே வருகிறது, அழுகிய முட்டை நாற்றத்தோடு.

நீ போனதிலிருந்து மடை பலகை இல்லாமல் சும்மா திறந்து கிடக்கிறது. பலகை நம் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. ஐயா இருந்தவரை ஐயா கை, பிறகு உன் கை, வேறு யாரும் அதைத் தொட்டுப் பழக்கமில்லை. "பலவேசம் வரட்டும்" என்கிறார்கள். தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறவில்லை. பள்ளத்து வயலில் கறுப்பு தேங்கி நிற்கிறது.

சொரிமுத்து மாமா வரப்பில் என்னை நிறுத்தினார். "ஏட்டி, அந்தப் பலகையக் கொண்டாந்து போடு. ஒன் கையும் ஒன் அண்ணன் வீட்டுக் கைதான. நான் தொட்டா ஊரு என்னை உரிச்சிரும்" என்றார். அவர் நான் பிறப்பதற்கு முன்பு முறை தவறித் தண்ணீர் பாய்ச்சி, மடையடி மாடசாமி முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டவர் அல்லவா. ஊர் மன்னித்துவிட்டது. மன்னிப்பு வாங்கிய கை மடையில் படக்கூடாது என்பதால் இன்றைக்கும் தன் வயலுக்குத் தண்ணீர் திறக்க அடுத்தவன் வாயைப் பார்த்து நிற்கிறார். நான் வரப்பை விட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அம்மைக்குக் கால் விரலிடுக்கில் புண். நடவுக்குப் போகிற எல்லோருக்கும் இருக்கிறது. அம்மைக்குக் கொஞ்சம் அதிகம்.

ஏழாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தங்கை
உலகம்மாள்


பாளையங்கோட்டை
2.7.1982

உலகு,

உன் கடிதம் வந்தது. பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதனால் ஆலைக்காரனை நான் இங்கே திட்டவில்லை. நீயே திட்டிக்கொள்.

கடிதத்தில் இவ்வளவு பேசுகிறாய். என்னைப் பார்க்க மனுக் கொடுத்து வந்த அன்றைக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்து காலைப் பார்த்துவிட்டுப் போனவள் நீ ஒருத்திதான். ஊரிலிருந்து வேறு யாரும் வரவும் இல்லை. நான் மடையை அடைத்து, தேங்கிய தண்ணீர் திரும்பி மேலே இருக்கிற ஆலைக்குள் ஏறிய அன்று மொத்த ஊரும் கரையில் நின்று சிரித்தது. நூல் பேல் மூட்டைகள் மிதந்தபோது எண்ணிக்கூடப் பார்த்தார்கள். போலீஸ் வந்தபோது கரையில் நான் மட்டும் இருந்தேன்.

இங்கே எனக்குக் கீரைப்பாத்தி வேலை. வார்டர் ஒருவர் களக்காட்டுப் பக்கம். "தண்ணிய அடைச்சுட்டு உள்ள வந்தவன்கிட்டயே தண்ணியக் குடுத்திருக்காங்க பாரு, வெளங்கும்லே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மையை வயலில் இறங்க விடாதே என்று எழுதினால் அவள் கேட்கப் போவதில்லை. நீ குற்றாலத்துக்குப் போ. சாரல் தொடங்கியிருக்கும், லாட்ஜுகளில் துணி துவைக்க ஆள் எடுப்பார்கள். உன் கூலி வந்தால் அவள் கொஞ்ச நாள் உட்காருவாள்.

பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதே. வளைந்துவிடும். தரையில் படுக்கையாகப் போடு, மேலே சாக்கு போடு.

பலவேசம்


குற்றாலம்
5.8.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

லாட்ஜில் வேலை கிடைத்தது. படுக்கை விரிப்பும் வேட்டியும் துவைக்க வேண்டும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள், குளித்துவிட்டுப் பாதி எண்ணெயோடு வந்து படுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு மேலாள் தங்கபுஷ்பம் அக்காள். "இந்த விரிப்பப் பிழிஞ்சா அரைப்படி தேறும், ராத்திரி அப்பளம் பொரிச்சிரலாம்" என்று தினமும் சொல்கிறாள். தினமும் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பின்னால் ஓடுகிற ஓடையில் நின்றுதான் அலசுகிறோம். என் கொலுசு வெளுத்துவிட்டது. நான் தேய்க்கவே இல்லை.

முந்தாநாள் நம் பஞ்சாயத்து பிரசிடெண்டு தில்லைநாயகம் அண்ணாச்சி வந்தார். ஆலை முதலாளியும் ஒரு பெரிய ஆபீஸரும் கூட வந்தார்கள். மூன்று பேரும் அருவிக்குப் போய்விட்டு ஈரத் துண்டோடு திரும்பினார்கள். நான் வாளியோடு ஓரத்தில் நின்றேன்.

"ஏட்டி, நீ ஆவுடைத்தாய் மகள்லா? இங்கன என்ன செய்யுத?"

வாளியைக் காட்டினேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நல்ல சேதி வச்சிருக்கேன், கேளு. குடியரசு தினத்துக்குக் கவர்மெண்டு கொஞ்சப் பேர மன்னிச்சு விடுதாங்க. ஒன் அண்ணன் பேரையும் சொல்லியிருக்கேன். செஞ்சது தப்பு, மன்னிக்கணும்னு ஒரு மனு. ஒரு கையெழுத்து. பொறவு அவன் வீட்ல இருப்பான். தண்ணியக் கெடுத்தாங்கன்னு ஆலை மேல ஒரு கேசு இருக்குல்லா, அதையும் அதே மேடையில வாபஸ் வாங்கிருதாங்க. ரெண்டு பக்கமும் மன்னிச்சு விட்டாச்சுன்னா ஊருக்கு நிம்மதி."

தங்கபுஷ்பம் அக்காள் கொடியில் விரிப்பைப் போட்டுக்கொண்டே, "ஆலைய யாரு அண்ணாச்சி மன்னிக்கது?" என்று கேட்டாள்.

"கவர்மெண்டு."

"கவர்மெண்டா அந்தத் தண்ணியக் குடிச்சுது?"

அண்ணாச்சி கோபப்படவில்லை. "ஒனக்கு வாய் நெறைய இருக்கு தங்கபுஷ்பம். இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் குடு" என்றார். அவர் நல்லதென்று நினைத்துத்தான் செய்கிறார், அண்ணா. எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். முதலாளியிடமும் ஆபீஸரிடமும் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளை முகத்தப் பாருங்க, இதுக்காகவாவது செய்யணும்" என்றார்.

மனுத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் எண்ணத்தை எழுதலாம் என்று மூன்று தரம் உட்கார்ந்தேன். எனக்கு எண்ணம் ஒன்றும் வரவில்லை.

உலகம்மாள்


பாளையங்கோட்டை
20.8.1982

உலகு,

தாளைக் கிழித்துவிட்டேன்.

அது உன் தப்பில்லை. ஆனால் அதை நீ வாங்காமல் இருந்திருக்கலாம். காப்பியையும்.

மடையை அடைப்பதும் திறப்பதும் என் வேலை. வாய்க்காலில் வேண்டாத தண்ணீர் வந்தால் பலகையை இறக்குவதைத்தான் ஐயா செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தார். வேலையைச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் நூல் நனைந்தது. அதற்கு ஒன்றரை வருஷம் போட்டார்கள், இருக்கிறேன். இருந்து முடித்துவிட்டு வந்தால் என் கை என் கைதான். மன்னிப்பு வாங்கி வந்தால்?

இன்னொன்றும் யோசித்துப் பார். நம் ஊர் வழக்கப்படி மன்னிப்புக் கேட்கிறவன் மடையடியில் விழ வேண்டும், எல்லோர் முன்னாலும் "தப்புத்தான்" என்று வாயால் சொல்ல வேண்டும். மன்னிக்கிறது தண்ணீர் பறிபோனவர்கள். ஆலைக்காரன் யார் முன்னால் விழுந்தான்? அம்மை காலைப் பார்த்தானா?

தில்லைநாயகம் அண்ணாச்சியிடம் சொல்லிவிடு. வழக்கு நடந்தபோது உள்ளே இருந்த நாட்களையும் கழிப்பார்கள், அடுத்த ஆடிக்குள் நானே வந்துவிடுவேன். சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டு.

பலவேசம்


தென்காசி
3.11.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மைக்கு இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

சீசன் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோதே புண் உள்ளே போயிருந்தது. நான் குற்றாலத்தில் இருந்த நாளெல்லாம் அம்மை வயலுக்குப் போயிருக்கிறாள். என் கூலியைத் தொடவில்லை, உன் வழக்குக்கு ஆகும் என்று பானையில் போட்டு வைத்திருந்தாள். வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன். "தெரியும்ட்டி" என்றாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். காலில் ஊசியால் குத்தி, "வலிக்கா ஆச்சி?" என்று கேட்டார். அம்மை, "எங்கன குத்துனீங்க?" என்று கேட்டாள். அவர் ஊசியை வைத்தார். நாளைக்குச் செய்துவிடலாம் என்று நர்சிடம் சொன்னார். தண்ணீரால் வந்ததா என்று நான் கேட்க நினைத்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மை அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. எடுத்த பிறகு கட்டைப் பார்த்து, "இனிமே செருப்பு ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு" என்றாள்.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வா என்று எழுதச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சந்தையில் ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறாள், ஆம்பிளைத் துண்டு. அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனால் இரவு அவளைத் தூக்கி உட்கார வைக்க என் ஒருத்தி கை போதாது. தில்லைநாயகம் அண்ணாச்சி நேற்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். மனு இன்னும் வந்து சேரவில்லை என்று இன்னொரு தாள் கொடுத்தார். உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவே இல்லை. இந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

கிழிக்கிறதானால் கிழி.

உலகம்மாள்


பாளையங்கோட்டை
19.11.1982

உலகு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"செய்த குற்றத்திற்கு மனம் வருந்தி" என்று அச்சடித்தே இருந்தது. எனக்கு எழுத வேலை இல்லை. பெயரை மட்டும் எழுதினேன்.

ஆபீஸில் இருந்தவர் கைகொடுத்தார். அப்போது சொரிமுத்து மாமா நினைவு வந்தது. ஆனால் அவர் கேட்டது மாடசாமி முன்னால், ஊர் முன்னால். இது சர்க்கார் மன்னிப்பு. ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன், அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அம்மையிடம் தைக்கு வருகிறேன் என்று சொல். பலகைக்கு எண்ணெய் போட்டு வை. வயலில் நிற்கிற பிசான நெல்லுக்கு அறுப்புக்கு முந்தின கடைசித் தண்ணீர் என் கையால் விடுகிறேன்.

பலவேசம்


புளியங்குடி
8.2.1983

உலகு,

ஊரை விட்டுச் சொல்லாமல் வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சொன்னால் அம்மை ஏன் என்று கேட்பாள்.

இங்கே எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறேன். கமிஷன்காரர் நல்லவர், எந்த ஊர் என்று கேட்டார், அதற்கு மேல் கேட்கவில்லை. லாரி மலையாளத்துக்குப் போகிறது, மதுரைக்குப் போகிறது. நாள் முழுக்க அழுகின பழத்தைப் பொறுக்கி எடுக்கிறோம். என் கையெல்லாம் வெடிப்பு. எலுமிச்சைச் சாறு பட்டால் எரிய வேண்டும். கூட இருக்கிறவன் கத்துகிறான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை கூலி. முடிந்ததை அனுப்புகிறேன்.

பிரசிடெண்டு வந்து பலகையைக் கேட்டால் கொடுத்துவிடு. வீம்பு வேண்டாம். அம்மையிடம் நான் வேலைக்குத்தான் போயிருக்கிறேன் என்று சொல்.

பலவேசம்


மேலப்பத்து
16.2.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மைக்குப் படித்துக் காட்டினேன். கை எரியாததை மட்டும் விட்டுவிட்டேன்.

குடியரசு தினத்தன்று தென்காசி மேடையில் நீ தலையைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். நானும் அம்மையும் கீழே பெண்கள் பக்கம் நின்றோம். உனக்குப் போட்ட மாலையும் ஆலை முதலாளிக்குப் போட்ட மாலையும் ஒன்றுபோல இருந்தன. ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள். மைக்கில் உன் பெயரைப் படித்தார்கள், பிறகு ஆலையின் பெயரைப் படித்தார்கள், அரசு கருணையோடு மன்னிக்கிறது என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மை தட்டினாள், உனக்காக. இரண்டாவது பெயர் வந்தபோதும் கை நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் முன்னைவிடக் கறுப்பாக வந்தது.

நீ பலகையைத் தூக்கிக்கொண்டு மடைக்குப் போனாய். நான் சோற்றுத் தூக்கோடு பின்னால் வந்தேன். சொரிமுத்து மாமா குறுக்கே நின்றதைப் பார்த்தேன்.

"மருமவனே, எறக்காத."

"மாமா, தள்ளும்."

"ஒன்மேல எனக்கு வருத்தம் கெடையாது. நீ செஞ்சது நியாயம்னு நானும் கரையில நின்னு சொன்னேன். ஆனா தப்புத்தான்னு நீயே எழுதிக் குடுத்து மன்னிப்பு வாங்கியாச்சுல்லா. நான் இத்தன வருசமாத் தொடல. ஒனக்கு மட்டும் வேற வழக்கமா?"

ஊர்க்காரர்கள் அன்றைக்கும் கரையில் நின்றார்கள். யாரும் அவரைத் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கும் அவர் சொன்னது தப்பாகத் தெரியவில்லை. நீ பலகையைப் போட்டுவிட்டு நடந்தாய். நான்தான் அதை எடுத்து வந்தேன். நனைந்த பலகை இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

நீ போன பிறகு தில்லைநாயகம் அண்ணாச்சி வந்தார். அம்மையின் காலைப் பார்த்து வருத்தப்பட்டார். பிறகு, "மடை சும்மா கெடக்கக் கூடாதுல்லா தாயி. ஆலை வாட்ச்மேன் பாத்துக்கிடுவான். சம்பளம் அவங்களே குடுத்திருதாங்க, ஊருக்குச் செலவில்ல. புதன்கெழம வெயிலேற ஆள் வருவான். பலகையக் குடுத்திருங்க" என்றார்.

அம்மை, "ஆலைக்கும் அதே மேடையிலதான அண்ணாச்சி மன்னிப்பு? பொறவு அவன் ஆளு எப்படி மடையத் தொடுவான்?" என்று கேட்டாள்.

"அது சர்க்கார் மன்னிப்பு தாயி. ஊர் வழக்கம் அதுக்குச் செல்லாது."

"எம் மகன் வாங்குனதும் அதான."

அவர் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டார். வெயில் அதிகமாகிவிட்டது என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, "நீயாவது எடுத்துச் சொல்லுட்டி" என்றார். அவர் வாசலைத் தாண்டும்வரை சொல்ல வேண்டும் என்று நின்றேன். தாண்டிவிட்டார்.

நெல் பால் பிடித்து நிற்கிறது. பள்ளத்து வயலில் நுனி மஞ்சளாகிவிட்டது. அடுத்த நடவுக்கு இந்தத் தண்ணீரில்தான் எல்லோரும் இறங்க வேண்டும். அம்மை இறங்க முடியாது. அவள் இடத்தில் நான் இறங்குவேன் என்று கூலி பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் இடது கால் சுண்டுவிரலில் கொஞ்ச நாளாகச் செருப்பு கடித்தால் தெரிவதில்லை. அம்மையிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

பலகையைக் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தாய். இன்றைக்குப் புதன்கிழமை.

விடிந்ததும் கொலுசைக் கழற்றி அம்மையிடம் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, சும்மாடு சுற்றிக் கொடுத்தாள். பலகையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பு வழியாகப் போனேன்.

மடையில் சொரிமுத்து மாமா மட்டும் நின்றார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்கு யாராவது மன்னிப்புக் குடுத்திருக்காங்களா?"

"இல்ல மாமா."

"நீ யார்ட்டயாவது கேட்டியா?"

"இல்ல."

"அப்பம் சரி" என்று அவர் வழிவிட்டார்.

நான் மடைக்குள் இறங்கினேன். பலகையைக் கல் பள்ளத்தில் நேராக்கி அடிவரை இறக்கினேன். இரண்டு ஓரத்திலும் களிமண்ணை அப்பி, காலால் மிதித்தேன்.

உலகம்மாள்